பதினெட்டுக் கதவு

அந்த ஷட்டரக் கொஞ்சம் எறக்கி விட்டுடுங்க அக்கா, மூஞ்சில வெயில் அடிக்கு. வேண்டாம், இருங்க. தெறந்தே கெடக்கட்டும். காத்து வருதுல்லா. நான் இந்தத் துப்பட்டாவப் போட்டு மறைச்சுக்கிடுதேன்.

ஆமா, நர்சுதான். செருப்பப் பாத்துக் கண்டுபிடிச்சீங்களா? எல்லாரும் இந்த வெள்ளைச் செருப்பப் பாத்துதான் கேக்காங்க. பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இல்ல. முதியோர் இல்லம். படுக்கையில கெடக்கவங்க, நடக்க முடியாதவங்க, ஞாபகம் தப்பிப் போனவங்க, அந்த மாதிரி இடம். அதுலயும் நான் ஒரே இடத்துல இருக்க ஆளு இல்ல. மதுரையில ஒரு ஏஜென்சி. எந்த இல்லத்துல நர்ஸ் இல்லன்னு போன் வருதோ அங்க என்னைய அனுப்புவாங்க. மூணு மாசம். முடிஞ்சா அடுத்த ஊரு. நாலு வருசத்துல பதினாலு இல்லம் பாத்துட்டேன். கோயம்புத்தூர் நேத்தோட முடிஞ்சுது. இனி ஓசூரு. சேலத்துல எறங்கி பஸ் மாறணும்.

ஊரு நாசரேத் பக்கம். பேச்சுலயே தெரிஞ்சிருக்குமே. மக ஒருத்தி இருக்கா, எங்க அண்ணன் வீட்டுல நின்னு பத்தாம் வகுப்பு படிக்கா. அடுத்த மாசம் வாரேன்னு போன்ல சொன்னா "சரிம்மா"ங்கா. முன்னால எல்லாம் எந்தத் தேதி, எந்த பஸ்சுன்னு உசிர எடுப்பா. இப்பக் கேக்கதில்ல. வளந்துட்டாள்லா, புத்தி வந்துட்டு.

நீங்க? மாமியாரப் பாக்கவா? ஓ, சேலத்துல இல்லத்துல சேத்திருக்கீங்களா. சங்கடப்படாதீங்க அக்கா. வீட்டுல வச்சுப் பாக்க முடியலன்னா முடியலதான். பேசுதவங்க ஒரு நாள் வந்து பீத்துணி மாத்தட்டும், பெறவு பேசட்டும். நல்லாப் பாப்பாங்களான்னு கேட்டீங்கல்லா. பாப்பாங்க. நாங்க நல்லாத்தான் பாப்போம்.

எனக்குன்னு ஒரு முறை உண்டு. யாரு பேரையும் மனசுல வச்சுக்கிட மாட்டேன். ரூம் நம்பர்தான். ஒம்பதுக்கு இன்சுலின், பதினொண்ணுக்கு நடைப் பயிற்சி, நாலுக்கு முதுகுப் புண்ணுக்கு மருந்து. மூணு மாசத்துல போகப் போற ஆளுக்குப் பேரு எதுக்கு? அவங்களும் என்னைய சிஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. எம் பேரு ஜெபக்கனி. பதினாலு இல்லத்துல ஒருத்தரும் அதக் கேக்கல. ஒருத்தர் கேட்டாங்க. அவங்களப் பத்திதான் சொல்ல வந்தேன்.

அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். இல்லத்துல யாராவது இறந்து போனா, மத்தவங்ககிட்ட இறந்துட்டாங்கன்னு சொல்லக் கூடாது. இது எல்லா ஊருலயும் உண்டு. சொல்லுத விதம்தான் ஊருக்கு ஊரு மாறும். புதுச்சேரியில "ரூம் மாத்தியாச்சு"ம்பாங்க. கொடைக்கானல்ல "கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க"ம்பாங்க. நான் புது இடத்துக்குப் போனா மொத நாள் மாத்திர அலமாரி எங்க இருக்குன்னு கேப்பேன், ரெண்டாவது இதக் கேப்பேன். கோயம்புத்தூர்ல மேனேஜர் சார் சொன்னாரு, "மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னு சொல்லிருங்க சிஸ்டர். அவங்களுக்கும் ஒரு சந்தோசமா இருக்கும்." சரின்னேன்.

எறந்தவங்களக் கொண்டு போறதுக்கும் அங்க ஒரு முறை இருக்கு. வண்டி சமையக்கட்டுப் பக்கம் சின்ன கேட்டுல வந்து நிக்கும். கட்டில வராந்தா வழியாத் தள்ளிட்டுப் போகணும். அதுக்கு முன்னால பதினெட்டு ரூம் கதவையும் சாத்திடணும். "தரைக்கு மருந்து அடிக்கோம், நெடி அடிக்கும்"னு சொல்லிக்கிட்டே சாத்திக்கிட்டுப் போகணும். நான் அதுல கெட்டிக்காரி. பதினெட்டுக் கதவையும் அஞ்சு நிமிசத்துல சத்தமில்லாமச் சாத்திருவேன். வண்டி போனதும் எல்லாத்தையும் தெறந்து விட்டு ஆளுக்கு ஒரு டீ. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மருந்து நெடியே இல்லையேன்னு கூட ஒருத்தரும் கேட்டது கெடையாது.

நாலாம் நம்பர்ல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. கல்யாணமே பண்ணிக்கிடல. நான் போன மொத மாசத்துலயே தவறிட்டாங்க. கேட்டவங்ககிட்ட எல்லாம் "மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு"ன்னு சொல்லிட்டேன். சொன்ன பெறவுதான் ஞாபகம் வருது, மகன் ஏது? ஆனா யாரும் சிரிக்கல. செரி செரின்னுட்டாங்க. நானும் விட்டுட்டேன்.

ஒம்பதாம் நம்பர்ல இருந்தது ராமாத்தாம்மா. பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்பு எல்லாம் வச்சிருந்தவங்க. எம்பத்து நாலு வயசு. ரெண்டு கண்ணும் மங்கல், ஆளு அசையறது மட்டும் தெரியும். அவங்கதான் எம் பேரக் கேட்டது. "சிஸ்டருங்கறது வேல கண்ணு. உம் பேரென்ன?"ன்னு கேட்டாங்க. பெறவு கனின்னுதான் கூப்பிடுவாங்க. பதினொண்ணுல பத்மாவதியம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருசம் வேல பாத்தவங்க. ஒரு நம்பரு கேட்டா மறக்கவே மாட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் அங்க வந்துதான் பழக்கம். காலையில பேப்பர் வந்ததும் பத்மாவதியம்மா ஒம்பதாம் ரூமுக்குப் போயி வாசிச்சுக் காட்டுவாங்க. என்ன பக்கம் தெரியுமா அக்கா? காலமானார் பக்கம். பேரு, வயசு, எந்த ஊரு, எத்தன புள்ளைங்க, எத்தன மணிக்கு எடுக்காங்க, எல்லாம். "தொண்ணூத்தி ரெண்டா? இருந்து அனுபவிச்சிருக்கா மகராசி"ன்னு ராமாத்தாம்மா சொல்லுவாங்க. "போட்டோவுல என்ன சீலை?"ன்னு கேப்பாங்க. எனக்கு அது பிடிக்காது. ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ரெண்டு பேரு சேந்து காப்பி குடிச்சா ரெண்டு பேருக்கும் பிரஷர் சரியா இருக்கும். சார்ட்டுல பாத்திருக்கேன். அதனால விட்டுட்டேன்.

சித்திரை மாசம், ஒரு புதன்கிழமை. காலையில பத்து மணி இருக்கும். பத்மாவதியம்மா மகன் பெங்களூர்ல இருந்து கார்ல வந்து எறங்குதாரு. போன் கூடப் பண்ணல. தரைத் தளத்துல வீடு மாத்திட்டாராம், அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்னு நிக்காரு. பன்னெண்டு மணிக்கு ராகு காலம், அதுக்கு முன்னால கெளம்பணும்னு ஒரே அவசரம். நெசமாவே கூட்டிட்டுப் போறாரு அக்கா. பதினாலு இல்லத்துல நான் கண்ணால பாத்தது அது ஒண்ணுதான்.

பைய அடுக்கி, மாத்திரைய எழுதிக் குடுத்து, சக்கர நாற்காலியில ஏத்திட்டேன். முன் வாசல் சரிவுல அன்னிக்கு டைல்ஸ் பதிச்சுக்கிட்டு இருந்தாங்க, சிமெண்டு காயல. அப்ப சின்ன கேட்டு வழியாத்தான் போகணும். "ராமாத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தர்றேன் சிஸ்டர்"னு பத்மாவதியம்மா கேட்டாங்க. ராமாத்தாம்மா காலை மாத்திர போட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தாங்க. மகன் வாட்சப் பாக்காரு. "தூங்குதாங்கம்மா, நான் சொல்லிக்கிடுதேன்"னு நாற்காலியத் தள்ளிட்டேன்.

அப்பதான் அது நடந்துட்டு. நான் யோசிச்சுச் செய்யல. வராந்தாவுல சமையக்கட்டுப் பக்கம் திரும்பினதும் கை தன்னால போயிட்டு. ஒரு கையால நாற்காலி, ஒரு கையால கதவு. ஒண்ணு ஒண்ணாச் சாத்திக்கிட்டே போறேன். "தரைக்கு மருந்து, தரைக்கு மருந்து"ன்னு வாயி சொல்லுது. பத்மாவதியம்மா என்னையத் திரும்பித் திரும்பிப் பாக்காங்க. கார்ல ஏத்தி விட்டுட்டு வந்து எல்லாக் கதவையும் தெறந்தேன். டீயும் குடுத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு ராமாத்தாம்மாவக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். பக்கத்து நாற்காலிய அவங்க கையால தடவிப் பாக்காங்க. "பத்மாவதி எங்க கனி?" நான் சொன்னேன், "அவங்கள மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு."

"செரி"ன்னாங்க. பெறவு, "கஷ்டப்பட்டாளா?"ன்னு கேட்டாங்க. "இல்லம்மா, சிரிச்சுக்கிட்டேதான் போனாங்க"ன்னேன். உண்மைதான அக்கா? சிரிச்சுக்கிட்டுதான் கார்ல ஏறினாங்க. தட்ட அப்படியே நகத்தி வச்சிட்டு, "கனி, எனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி விடறயா?"ன்னாங்க. "காலையிலதான குளிச்சீங்க?"ன்னு கேட்டேன். நல்ல வெயிலு, வேத்துக் கொட்டுது, பாவம் கசகசன்னு இருக்கும்னு கூட்டிட்டுப் போயி ஸ்டூல்ல உக்கார வச்சு ஊத்தி விட்டேன். "சோப்பு போடட்டுமா, சீயக்கா கரைக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "வேண்டாங் கண்ணு, வெறுந் தண்ணி போதும்"னாங்க.

அன்னையில இருந்து சாப்பாடு எறங்கல. மூணு வாய் கஞ்சி, அரை டம்ளர் மோரு. நான் சார்ட்டுல "உணவு குறைவு, வெயில் காரணம்"னு எழுதினேன். மறுநாளும் அதையே பாத்து எழுதினேன். எங்க வேலையில அப்படித்தான், நேத்து எழுதினதப் பாத்து இன்னிக்கு எழுதுறது.

சனிக்கிழமை காலையில ஆயாம்மா வந்து சொல்லுதா, "சிஸ்டர், ஒம்பதாம் நம்பரு மூணு நாளாப் பேப்பரக் குடுத்து பத்மாவதி படம் வந்திருக்கான்னு பாக்கச் சொல்லுது." நான் மாத்திரத் தட்டோட நின்னேன். கொஞ்ச நேரம் எந்த மாத்திர யாருக்குன்னு தெரியல எனக்கு.

ஓடிப் போயி அவங்க பக்கத்துல உக்காந்து சொன்னேன். "ராமாத்தாம்மா, பத்மாவதியம்மா உசிரோட இருக்காங்க. நெசமாவே மகன் வந்தாரு. பெங்களூர்ல நல்லா இருக்காங்க." அவங்க என் கையத் தடவிக் குடுத்தாங்க. "நீ நல்ல புள்ள கனி"ன்னாங்க. "அம்மா, பைபிள் மேல சத்தியமாச் சொல்லுதேன்"னேன். "டீச்சரையும் மகன்தான் வந்து கூட்டிட்டுப் போனான்னு சொன்னே கண்ணு. நான் ஒண்ணுஞ் சொல்லல பாரு. உன்ற வேல அது." கோவமே இல்ல அக்கா. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"கதவு சாத்துற சத்தங் கேட்டுத்தான் முழிச்சேன்"னும் சொன்னாங்க. நான் சத்தமில்லாமத்தான் சாத்துவேன். கண்ணு தெரியாதவங்களுக்குக் காது கேக்கும்போல.

மேனேஜர் சார்கிட்டப் போயி பத்மாவதியம்மா மகன் நம்பர் கேட்டேன், ஒரு வார்த்த பேச வச்சிட்டாப் போதும்னு. "அவங்க கணக்க முடிச்சிட்டுப் போயிட்டாங்க சிஸ்டர். போன குடும்பத்தத் தொந்தரவு பண்ணக் கூடாது. நீங்க மூணு மாசத்துக்கு வந்தவங்க, உங்க வேலையப் பாருங்க"ன்னாரு. அவரு சொல்லுததும் ஒரு வகையில சரிதான். வாட்ச்மேன் நோட்டுல வண்டி நம்பரோட போன் நம்பரும் எழுதுவாங்கல்லா, அதுல இருந்து எடுத்தேன். மகன்தான் எடுத்தாரு. "அம்மா இப்பதான் அந்த எடத்த மறந்து வீட்டுல செட் ஆகறாங்க சிஸ்டர். கொஞ்ச நாள் போகட்டும், நானே பேச வக்கறேன்." நல்ல மனுசன். தாய வந்து கூட்டிட்டுப் போன ஆளு. அவர நான் என்ன சொல்ல? மறுபடி ரெண்டு தடவ பண்ணினேன், எடுக்கல.

ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு ரெண்டு டம்ளர் காப்பி கொண்டு போயி ஒம்பதாம் ரூம்ல வச்சேன். ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு எனக்கு. நான் காப்பியே குடிக்க மாட்டேன். பேப்பரும் வாசிச்சேன். அந்தப் பக்கத்த விட்டுட்டு சினிமா, தங்கம் வெலைன்னு வாசிச்சேன். "நிறுத்திக்க கண்ணு, உனக்கு வேல கெடக்கும்"னு சொல்லிட்டாங்க. டாக்டர் வந்து டியூப் போடலாமான்னு கேட்டாரு. வேண்டாம்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டாங்க. வெளிநாட்டுல இருக்க அவங்க மகன்கிட்டக் கேட்டாங்க, அம்மா இஷ்டப்படி விட்டுருங்கன்னுட்டாரு.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில எட்டரைக்குப் போயிட்டாங்க. கிட்னி, அக்கா. சுகரு வேற இருவது வருசமா. சர்டிபிகேட்டுல டாக்டர் அதத்தான் எழுதினாரு. எம்பத்து நாலு வயசுல சாப்பாடு எறங்காமப் போறதுக்கு நூறு காரணம் இருக்கு. என்னால இல்ல. நான் ஒரு தப்பும் செய்யல, சொல்லச் சொன்னதச் சொன்னேன். நீங்க ஏன் அப்படிப் பாக்கீங்க? எனக்கு ஒண்ணும் இல்ல. அழுகை எல்லாம் வராது எனக்கு. எங்கம்மா போனப்பக் கூட வரல, பல்ஸ் பாத்துட்டு மணியக் குறிச்சு வச்சேன்.

பத்தே காலுக்கு வண்டி வந்துது. ஒம்பதாம் நம்பர விட்டுட்டு பதினேழு கதவு. வழக்கத்த விட மெதுவாச் சாத்தினேன், அவ்வளவுதான். தெறந்து விட்டு டீ குடுத்தேன். கேட்டவங்ககிட்ட எல்லாம் மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னு சொன்னேன்.

அன்னிக்குச் சாயங்காலம் நாலு மணி. ஆபீஸ்ல மேனேஜர் இல்ல. மேசையில இருக்க பழைய போன் அடிக்கு. எடுத்தா, "யாரு, சிஸ்டருங்களா? நான் பத்மாவதி பேசறேன்." மகன் வீட்டுல யாரும் நம்பர் போட்டுக் குடுக்கலயாம். வீட்டு வேலைக்கு வர்ற புள்ளகிட்ட செல்போன வாங்கி, ஞாபகத்துல இருந்த நம்பர அவங்களே சொல்லி அடிச்சிருக்காங்க. "ராமாத்தாளக் கூப்பிடுங்க சிஸ்டர். சொல்லாம வந்துட்டேன்னு கோவிச்சுட்டு இருப்பா. நாலு மணிதானுங்களே, காப்பிக்கு எந்திரிச்சிருப்பா"ன்னாங்க.

சொல்லியிருக்கலாம். அந்தம்மா இல்லத்துல இல்ல, அவங்களுக்கு அந்தச் சட்டமும் இல்ல. உண்மையச் சொல்லியிருக்கலாம். ஆனா வாயி அதுவாச் சொல்லிட்டு. "ராமாத்தாம்மாவ மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரும்மா"ன்னு.

அந்த வேலைக்காரப் புள்ள பாத்திரம் கழுவுற சத்தம் மட்டும் கேக்குது. பெறவு கேட்டாங்க.

"எத்தன மணிக்கு எடுத்தாங்க சிஸ்டர்?"

"பத்தே காலுக்கும்மா"ன்னேன்.

"செரி. வச்சரட்டுங்களா? நான் போயித் தலைக்குத் தண்ணி ஊத்திக்கறேன்."

வச்சிட்டாங்க. நான் ரிசீவரப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். அந்தப் புதன்கிழமை மத்தியானம் ஊத்தினேன்ல அக்கா, ரெண்டு வாளி. முழுசா ரெண்டு வாளி. குனிஞ்சு உக்காந்து, கண்ண மூடிக்கிட்டு, கையக் கூப்பி வச்சிருந்தாங்க. நான் வெயிலுக்குன்னு நெனச்சேன்.